பல்வகைத் தெரிவு ஆய்வில் பூச்சியக்கோவைப் பரவற்படி அணி

மனிதர் பல வழிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் செயலை ஆராயப் பயன்படும் பல்வகைத் தெரிவு லாஜிட் முறையில் கெழுக்களைக் கணிக்கப் புகும்போது, அவற்றின் பரவற்படி அணி பூச்சியக்கோவை அணியாக உள்ளதென்றும், ஆகவே திட்டப்பிழைகளைக் கணக்கிட இயலவில்லை என்றும் கணிப்பொறி சில வேளைகளில் எச்சரிக்கும். கைவசமுள்ள தரவினால் நிர்ணயிக்க முடியாத ஒரு கெழுவை, அல்லது கெழுக்களின் ஒரு சேர்க்கையை, ஆய்வாளர் கேட்டுவிட்டார் என்பதே இதன் பொருள். மீப்பெரு வாய்ப்பு முறையில் மதிப்பீடு என்பது மடக்கை வாய்ப்புச் சார்பின் உச்சியைத் தேடுவதாகும். அவ்வுச்சியின் வளைவை அளக்கும் இரண்டாம் வகைக்கெழுக்களின் தொகுதியாகிய ஹெஸ்ஸியன் அணியைக் குறிமாற்றி அதற்கு நேர்மாறு கண்டால் கிடைப்பதே பரவற்படி அணி. உச்சியில் ஏதேனும் ஒரு திசையில் வளைவே இல்லாமல் சமதளமாக இருக்குமாயின், அணிக்கோவையின் மதிப்பு பூச்சியமாகி, நேர்மாறு இல்லாமற் போகிறது.

பல்வகைத் தெரிவு லாஜிட் முறைக்கு 1974-இல் செம்மையான பொருளியல் அடிப்படை வகுத்தவர், 2000-ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்ற டேனியல் மெக்ஃபேடன். இதனைக் கற்போர் உலகெங்கும் எடுத்தாளும் தரவுகளுள் ஒன்றோ ஆஸ்திரேலியாவில் பிறந்தது. சிட்னி, கான்பெரா, மெல்போர்ன் ஆகிய நகரங்களுக்கிடையே தொழில் நிமித்தமின்றிச் சென்ற 210 பிரயாணிகளைப் பற்றி 1987-இல் திரட்டப்பட்ட அத்தரவு, சிட்னிப் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்துப் பொருளியல் அறிஞர் டேவிட் ஹென்ஷரும், லிம்டெப், என்லாஜிட் என்னும் கணிப்பொறி நிரல்களை ஆக்கிய நியூயார்க் பல்கலைக்கழக அறிஞர் வில்லியம் கிரீனும் தம் நூல்களில் திரும்பத் திரும்பக் கையாண்டதனால் பிரசித்தி பெற்றது. விமானத்தைத் தேர்ந்தவர் 58 பேர், ரயிலை 63 பேர், பஸ்ஸை 30 பேர், காரை 59 பேர். பூச்சியக்கோவை நேரக்கூடிய காரணங்கள் அநேகமாக யாவும் இச்சிறிய தரவிலேயே மறைந்திருப்பதால், வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

தரவின் முதற் பிரயாணிக்கு வீட்டு வருமானம் ஆயிரம் டாலர் அலகில் 35 என்றும், உடன் சென்றவர் எவரும் இல்லை என்றும் குறிக்கப்பட்டுள்ளது. விமானமாயின் அவர் 69 நிமிஷம் காத்திருந்து 59 டாலர் செலவில் 100 நிமிஷமும், ரயிலாயின் 34 நிமிஷம் காத்திருந்து 31 டாலர் செலவில் 372 நிமிஷமும், பஸ்ஸாயின் 35 நிமிஷம் காத்திருந்து 25 டாலர் செலவில் 417 நிமிஷமும் பிரயாணம் செய்திருக்க வேண்டும். அவர் தேர்ந்ததோ காத்திருப்பே இல்லாமல், 10 டாலர் செலவில் 180 நிமிஷத்தில் கொண்டு சேர்த்த கார். இவ்வெண்களில் ஒரு விஷயம் கண்ணுக்குப் புலப்படும்: செலவும் காலமும் வழிக்கு வழி மாறுகின்றன, வருமானமோ நான்கு வழிகளிலும் மாறாமல் 35 ஆகவே நிற்கிறது. லாஜிட் மாதிரி, ஒவ்வொரு வழியும் ஒருவருக்குத் தரும் பயன்பாடுகளின் வேறுபாட்டை மட்டுமே காண வல்லது. ஆதலின், வருமானத்திற்கு எல்லா வழிகளுக்கும் பொதுவான ஒரே கெழுவைக் கேட்டால், அது நான்கு பக்கமும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறைந்துபோக, அணியில் அதற்குரிய வரிசை முழுவதும் பூச்சியமாகிறது. வருமானத்தை விமானத்தின் மாறிலியோடு பெருக்கி, விமானப் பயன்பாட்டில் மட்டும் கிரீன் நுழைத்ததன் காரணம் இதுவே. நான்கு வழிகளுக்கும் நான்கு மாறிலிகள் இட்டாலும் இதே கதிதான். எல்லா மாறிலிகளோடும் ஒரே எண்ணைக் கூட்டினால் நிகழ்தகவு எதுவும் மாறாது என்பதால், ஒன்றைப் பூச்சியமென நிறுத்தி மூன்றையே கணிக்க இயலும். கார் பிரயாணிக்குக் காத்திருப்பு எப்போதும் பூச்சியம் என்பதால், காத்திருப்புக்குக் கார்வழியில் தனிக் கெழு கேட்பதும் வீண்.

இவற்றினும் நுட்பமானது பொதுமைச் செலவு என்னும் மாறி. பிரயாணச் செலவோடு, பிரயாண நேரத்தைப் பணமாக மதித்துக் கூட்டியதே அது. முதற் பிரயாணிக்கு அது முறையே 70, 71, 70, 30. அதிலிருந்து செலவைக் கழித்து நேரத்தால் வகுத்தால், நான்கு வழிகளிலும் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 11 காசு வரும். அடுத்த பிரயாணிக்கோ அது ஏறத்தாழ 15 காசு. நிமிஷத்தின் விலை ஆளுக்கு ஆள் வேறுபடுவதனாலேயே, செலவு, நேரம், பொதுமைச் செலவு ஆகிய மூன்று மாறிகளையும் சேர்த்து இட்டாலும் இங்கே அணி முற்றிலும் அழிந்துபோகாமல் தப்புகிறது. எல்லோருக்கும் ஒரே விலை வைத்திருந்தால், மூன்றுள் ஒன்று மற்ற இரண்டின் நேரியல் சேர்க்கையாகி, எச்சரிக்கை தவறாது வந்திருக்கும்.

குற்றவாளி யார் என்பதை அறிய, மாறிகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கும் வழக்கம் பரவலாக உள்ளது. அது காலத்தை வீணாக்குவதோடு, தவறான மாறியை வெளியேற்றவும் இடந்தரும். ஹெஸ்ஸியன் அணியின், குறி நீங்கலாக மிகச் சிறிய ஐகன் மதிப்பையும் அதற்குரிய ஐகன் திசையனையும் பார்த்தால், அத்திசையனே குற்றத்தைப் பெயர் சொல்லிக் காட்டிவிடும். நான்கு மாறிலிகளிலும் 0.5 நின்று பிற இடங்கள் பூச்சியமானால், மாறிலி ஒன்று மிகுதி. வருமானத்தின் இடத்தில் மட்டும் 1 நின்றால், அது பொதுக் கெழுவாக இடப்பட்டுள்ளது. பொதுமைச் செலவு ஒரு குறியிலும், செலவும் நேரமும் எதிர்க்குறியிலும் நின்றால், மூன்றையும் ஒருங்கே வைக்கலாகாது.

இங்கே இன்னொரு சோதனை, பாடநூல்கள் போதிய அளவு வற்புறுத்தாதது, பெரிதும் பயன்படும். லாஜிட் மாதிரியில், கெழுக்கள் எம்மதிப்பில் இருந்தாலும் நிகழ்தகவுகள் பூச்சியமாவதில்லை. ஆகவே மாறிகளின் அமைப்பினால் எழும் குறை, கணிப்பு தொடங்கும் இடத்தில், அதாவது எல்லாக் கெழுக்களும் பூச்சியமாக இருக்கும் நிலையிலேயே, வெளிப்பட்டாக வேண்டும். தொடக்கத்தில் அணி நலமாக இருந்து, சுற்றுகள் ஏற ஏறச் சீர்குலையுமாயின் வியாதி வேறு. மாறிகள் தெரிவைத் தவறின்றிப் பிரித்துக் காட்டிவிடுவதால் வரும் அதற்குப் பிரிநிலை என்று பெயர். முழுப் பிரிநிலை, அரைப் பிரிநிலை என அதனை 1984-இல் வகைப்படுத்தியவர்கள் ஆல்பர்ட்டும் ஆண்டர்சனும்.

பிரிநிலை பெரும்பாலும் தரவை அளவுக்கு மீறிக் கூறுபோடுவதால் வருவது. வருமானத்தைப் பத்து வகுப்புகளாகவும், உடன் செல்வோர் தொகையை ஆறு வகுப்புகளாகவும் பிரித்து, இரண்டையும் குறுக்கே வைத்தால் 60 அறைகள் உண்டாகும். பஸ்ஸில் சென்றவரோ 30 பேர். எப்படிப் பங்கிட்டாலும் குறைந்தது 30 அறைகளில் பஸ் பிரயாணி ஒருவரும் இரார். பிற வழிகளில் சென்றோர் உள்ள அத்தகைய அறையில் பஸ்ஸின் கெழு எதிர்த்திசையில் முடிவின்றி ஓடும். அது −20 என்னும் எல்லையை அடைகையில் நிகழ்தகவு 100 கோடியில் இரண்டளவாகச் சுருங்கி, வளைவு மறைந்து, திட்டப்பிழை நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் பெருகும். வகுப்புகளை இணைப்பதும், வருமானத்தைத் தொடர்ச்சியான எண்ணாகவே வைப்பதும் எளிய பரிகாரங்கள். டேவிட் ஃபர்த் 1993-இல் வெளியிட்ட தண்டமிட்ட வாய்ப்பு முறை, பிரிநிலையிலும் முடிவுள்ள மதிப்பீடு தருவதால், மாறியை விட முடியாத இடத்தில் அதனைக் கொள்ளலாம்.

இத்தரவைத் திரட்டியோர் பஸ்ஸின் விஷயத்தில் முன்யோசனையோடு நடந்தனர் என்றே சொல்ல வேண்டும். உண்மையான பிரயாணிகளில் விமானம் 14, ரயில் 13, பஸ் 9, கார் 64 விழுக்காடு. திரட்டிய 210 பேரில் காரின் பங்கு 28 விழுக்காடே. சமவாய்ப்பு முறையில் 210 பேரை எடுத்திருந்தால் பஸ்ஸுக்கு 19 பேர் அளவிலேயே கிடைத்திருப்பர், பிரிநிலையும் எளிதில் வந்திருக்கும். தெரிவு வாரியாக மாதிரி எடுத்தது அதைக் குறைத்தது. அதற்கு ஈடாக, மேன்ஸ்கியும் லெர்மனும் 1977-இல் காட்டியவாறு, கணிப்பில் எடைகள் இட வேண்டியதாகிறது.

அலகுகளின் பொருத்தமின்மையும் போலி எச்சரிக்கையை உண்டாக்கும். வருமானத்தை ஆயிரம் டாலர் அலகில் எழுதாமல் டாலரிலேயே எழுதினால், ஹெஸ்ஸியனில் அதற்குரிய மூலைவிட்ட உறுப்பு பத்து லட்சம் மடங்காகிறது. ஏறத்தாழ 16 இலக்கங்களே தாங்கும் கணிப்பொறி, உண்மையில் நேர்மாறுள்ள அணியையும் இல்லாததென மயங்கக்கூடும்.

நேர்மாறு இல்லாதபோது பொதுமை நேர்மாறு ஒன்றை இட்டு நிரப்பி, திட்டப்பிழைகளை அச்சிட்டுவிடும் நிரல்களும் உண்டு. அவ்வெண்கள் தரவு சொல்லாததைச் சொன்னதாகக் காட்டுவதால், அவற்றைப் பிரசுரிப்பது தவறு. முறைப்படி அமைத்த மாதிரி இத்தரவிலேயே இடரின்றிக் கூடிவருகிறது: மூன்று மாறிலிகள் மட்டுமுள்ள நிலையில் −283.76 ஆக உள்ள மடக்கை வாய்ப்பு, பொதுமைச் செலவும், காத்திருப்பும், விமானத்தோடு பிணைத்த வருமானமும் சேர்ந்ததும் −199.13 ஆக உயர்கிறது.

பல்வகைத் தெரிவு ப்ராபிட் மாதிரியில், இடர் கெழுக்களோடு நில்லாமல் பிழைகளின் உடன்மாறுபாட்டு அணிக்கும் பரவுகிறது. நான்கு வழிகளுக்கு அவ்வணியில் 10 தனி உறுப்புகள் உள. வேறுபாடுகள் மட்டுமே புலனாவதால் அவை 6 ஆகவும், அலகு ஒன்றை நிறுத்த வேண்டியிருப்பதால் 5 ஆகவும் குறைகின்றன. மற்ற ஐந்தையும் முன்னரே நிலைநிறுத்தாமல் கணிக்கப் புகுந்தால், பிரயாணிகள் 210 பேரல்ல, இரண்டு லட்சம் பேராயினும் இவ்வெச்சரிக்கை வந்தே தீரும்.