குழல் விட்டம்

எங்கள் ராஜபாளையம் கிளையில் காவலுக்கு இருந்தவர் பழைய பட்டாளத்துக்காரர். துப்பாக்கி பாங்கினுடையது அல்ல, அவருடைய சொந்தம். லைசென்ஸும் அவர் பெயரில்தான். பன்னிரண்டு போர், இரட்டைக் குழல், யாரிடமிருந்தோ கைமாறி வந்தது. கணக்கு முடிந்த சாயங்காலங்களில் அதைப் பிரித்துப் போட்டுத் துடைப்பார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு நேரமிருந்தால் நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

“இது உலக்கை சார். துப்பாக்கின்னா த்ரீ நாட் த்ரீ” என்பார். பட்டாளத்தில் சேர்ந்த புதிதில் கையில் கொடுத்தது அது. சுட்டு முடித்ததும் முதலில் எண்ணெய் அல்ல, கொதிக்கிற வெந்நீர்தான் குழலுக்குள் போகவேண்டும் என்பது அவர் கற்ற பாடம். காரணம் ரசாயனம். பழைய தோட்டாவின் பொறிமருந்தில் பொட்டாசியம் குளோரேட் உண்டு. வெடித்தபின் அது ஓர் உப்பாகக் குழலில் படிகிறது. உப்பு ஈரத்தை இழுக்கும், துரு உட்புறத் திருகுவரிகளைத் தின்னும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. வெந்நீர் கரைக்கும், குழலும் சூடேறிச் சீக்கிரம் உலரும். பிறகு எடை கட்டிய கயிற்றில் துணியைச் செருகி ஒரே இழுப்பு. அப்புறம்தான் எண்ணெய். கயிறும் எண்ணெய்ப் புட்டியும் துப்பாக்கிக் கட்டையின் பொந்துக்குள்ளேயே இருக்கும்.

ஓய்வுபெற்று வந்ததும் ராணுவம் கழித்த .303 ஒன்றை விலைக்குக் கேட்டிருக்கிறார். கடைக்காரர் சிரித்தாராம்.

அந்தச் சிரிப்பு பழையது. சேத்தூர், சிவகிரி, நெற்கட்டும்செவல் என்று நம்மைச் சுற்றியிருக்கும் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதை 1801 டிசம்பர் பிரகடனம் குற்றமாக்கியது. 1857-க்குப் பின் கும்பினிக்காரர்களின் வாரிசுகள் இன்னும் நுணுக்கமாக யோசித்தார்கள்: இந்தியச் சிப்பாய்க்கென்று வகுத்த 1858 என்ஃபீல்டில் திருகுவரிகளே இல்லை. வழுவழுப்பான குழல். குண்டு போகும், குறி போகாது. 1878 ஆயுதச் சட்டம் வந்தது. பிறகு போலீஸுக்கென்று .303-ஐயே குடைந்து .410 மஸ்கட் ஆக்கினார்கள். ஒரு முறைக்கு ஒரு தோட்டா. அவநம்பிக்கையை அங்குலக் கணக்கில் அளந்த ஆட்சி அது. நம் சரித்திர நாவல்களில் வாள் பளபளக்கிறது. இந்த அங்குலக் கணக்கைப் பற்றி எதுவும் காணோம்.

சுதந்திரத்துக்குப் பின் 1959 சட்டமும் 1962 விதிகளும் வந்தன. ராணுவத் தோட்டா ஏறக்கூடிய எந்தக் குழலும் தடைசெய்யப்பட்ட வகை. மத்திய அரசின் தனி அனுமதி வேண்டும். குடிமகனுக்கு .315. இஷாப்பூர் தொழிற்சாலையில் அதே லீ-என்ஃபீல்டு அமைப்பில் செய்வது, ராணுவத் தோட்டா மட்டும் பொருந்தாது. எஜமானர்கள் மாறினாலும் விட்டத்தைப் பற்றிய பயம் மாறவில்லை என்று தோன்றுகிறது. பயத்துக்கு நியாயமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். இந்தப் பக்கத்து ஜாதிக் கலவரங்களைப் பார்த்தவன் நான். ஆனால் அதே இஷாப்பூர் துப்பாக்கிகள் உபரிச் சரக்காக அமெரிக்கா போய், அங்கே கடையில் சாதாரண மனிதன் வாங்கி, கெட்டிப்பட்ட கிரீஸைச் சுரண்டிச் சுத்தம் செய்தான். இங்கே 2008-ல் பம்பாய் ரயில் நிலையத்தில் போலீஸ்காரர்கள் .303-ஐ வைத்துக்கொண்டு தானியங்கித் துப்பாக்கிகளுக்கு எதிரே நின்றார்கள். உத்தரப் பிரதேசப் போலீஸ் அதற்கு விடைகொடுத்தது 2020-ல்.

.315-க்கு அவரிடம் பணம் இல்லை. உலக்கையை வாங்கினார். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கவேண்டும். முந்தின இரவே எண்ணெயில் குளிப்பாட்டிவிடுவார். எண்ணெய் இருந்தது ஒரு .303-இன் பித்தளைப் புட்டியில், காயலான் கடையில் கிடைத்தது.

வேலையை விட்டபோது துப்பாக்கியை விற்றுவிட்டார். போன மாதம் வீட்டுக்குப் போயிருந்தேன். புட்டி அவர் மனைவியின் தையல் மிஷின் மேல் இருந்தது.