பிங்க் ஃப்ளாய்ட்: 15 ஆல்பமும் ஒரு ரேங்க் லிஸ்ட்டும்

பிடிச்ச பத்து ராஜா பாட்டு, மறக்க முடியாத பத்து படம்னு ஆளாளுக்கு லிஸ்ட் போட்டாச்சு. நான் மட்டும் போடலைன்னா பதிவர் கூட்டத்துல சேர்த்துக்க மாட்டீங்களோன்னு பயமா இருக்கு :-) ராஜாவைத் தரம் பிரிக்கிற தைரியம் எனக்குக் கிடையாது. அதனால கடல் தாண்டிப் போயிட்டேன்.

டிஸ்கி: எனக்கு இசை இலக்கணம் தெரியாது. ஆசையா கிடார் வாங்கி ரெண்டே மாசத்துல பாதி விலைக்கு வித்தவன். இது ஒரு ரசிகனோட லிஸ்ட், அம்புட்டுதான்.

முதல்ல கொஞ்சம் வரலாறு. ரோஜர் வாட்டர்ஸ், நிக் மேசன், ரிக் ரைட் மூணு பேரும் லண்டன் ரீஜன்ட் ஸ்ட்ரீட் பாலிடெக்னிக்ல ஆர்க்கிடெக்சர் படிக்க வந்தவங்க. நம்மாளுங்க மாதிரியே படிக்கப் போன இடத்துல படிப்பைத் தவிர மத்ததெல்லாம் செஞ்சாங்க. கேம்பிரிட்ஜ்ல வாட்டர்ஸுக்குப் பழக்கமான சிட் பாரெட் வந்து சேர்ந்ததும்தான் அது ஒரு பேண்டாச்சு. பிங்க் ஆண்டர்சன், ஃப்ளாய்ட் கவுன்சில்ங்கிற ரெண்டு அமெரிக்க ப்ளூஸ் பாடகர்கள் பேரை ஒட்டி பேண்டுக்குப் பேர் வச்சதும் சிட்தான். பாட்டு எழுதறது, பாடறது, முன்னாடி நிக்கறது எல்லாமே அவர். இது ஞாபகம் இருக்கட்டும், கடைசில வேணும்.

1967-லிருந்து 2014 வரைக்கும் மொத்தம் 15 ஸ்டூடியோ ஆல்பம். கீழேயிருந்து மேலே போறேன்.

15. தி எண்ட்லெஸ் ரிவர் (2014): நான் காலேஜ் முதல் வருஷம் படிக்கும்போது வந்தது. 1993-94ல ரெக்கார்ட் பண்ணி மிச்சம் வச்சிருந்ததை எடுத்து, 2008ல இறந்துபோன ரிக் ரைட்டுக்கு அஞ்சலியா வெளியிட்டாங்க. அஞ்சலிக்கு மார்க் போடறது தப்புதான். இருந்தாலும் லிஸ்ட்னு வந்துட்டா யாராவது கடைசில நின்னாகணுமே.

14. உம்மகும்மா (1969): ரெண்டு தட்டு. ஒண்ணு மேடைக் கச்சேரி, அது அருமை. இன்னொண்ணுல நாலு பேரும் ஆளுக்குப் பாதிப் பக்கம் பிரிச்சுக்கிட்டுத் தனித்தனியா வாசிச்சாங்க. நாலு பேர் நாலு மாட்யூல் எழுதி, இன்டக்ரேஷனே பண்ணாம ரிலீஸ் பண்ணா எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கு.

13. எ மொமெண்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன் (1987): 1985ல வாட்டர்ஸ் விலகி, பேர் யாருக்குன்னு கோர்ட் வரைக்கும் போன நேரத்துல டேவிட் கில்மர் முன்நின்னு கொண்டுவந்தது. அட்டைப் படத்துக்காக ஒரு கடற்கரை முழுக்க நூத்துக்கணக்கான நிஜக் கட்டில்களைக் கொண்டுபோய்ப் போட்டாங்க. அட்டையில இருக்கிற மெனக்கெடல் பாட்டுல கம்மி.

12. மோர் (1969), 11. அப்ஸ்க்யூர்ட் பை க்ளவுட்ஸ் (1972): ரெண்டும் பார்பெட் ஷ்ரோடர் எடுத்த படங்களுக்குப் போட்ட இசை. ரெண்டாவதை ஃபிரான்ஸ்ல ஒரு பழைய மாளிகையில இருந்த ஸ்டூடியோவுல சட்டுபுட்டுனு முடிச்சாங்க. அவசரத்துல செஞ்சதுன்னாலும் அலட்டல் இல்லாம இருக்கும்.

10. தி ஃபைனல் கட் (1983): 1944ல இத்தாலியில அன்ஸியோ சண்டையில இறந்த தன்னோட அப்பாவுக்காக வாட்டர்ஸ் எழுதினது. அப்போ அவர் அஞ்சு மாசக் குழந்தை. கூடவே ஃபாக்லண்ட் போர் மேல இருந்த கோபம் வேற. வரிகள் நெஞ்சைப் பிசையும். ஆனா இது வாட்டர்ஸ் ஆல்பம், பேண்ட் ஆல்பம் இல்லை. ரிக் ரைட் இதுல கிடையவே கிடையாது.

9. ஆட்டம் ஹார்ட் மதர் (1970): அட்டையில பேண்ட் பேர் இல்லை, ஆல்பம் பேர் இல்லை, ஒரு பசுமாடு மட்டும் திரும்பிப் பார்க்கும். ராமராஜன் பார்த்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார் :-) அணுசக்தி பேஸ்மேக்கர் வச்சுக்கிட்ட ஒரு பெண்ணைப் பத்தின பேப்பர் செய்தியிலிருந்து தலைப்பைப் பிடிச்சாங்க. பிரிட்டன்ல இவங்களோட முதல் நம்பர் ஒன் இதுதான்.

8. தி டிவிஷன் பெல் (1994): ஒருத்தரோட ஒருத்தர் பேசாம போறதைப் பத்தின ஆல்பம். ஒரு பாட்டுல ஸ்டீஃபன் ஹாக்கிங் குரல் வரும். தலைப்பைச் சொன்னது எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸ். கடைசிப் பாட்டு ஹை ஹோப்ஸ், அதுல அடிக்கிற மணிச் சத்தம் ஒண்ணு போதும்.

7. எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ் (1968), 6. தி பைப்பர் அட் த கேட்ஸ் ஆஃப் டான் (1967): இதை ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்லணும். முதல் ஆல்பம் அபே ரோட்ல தயாரானப்போ அதே கட்டிடத்துல பீட்டில்ஸ் சார்ஜென்ட் பெப்பர் பண்ணிக்கிட்டிருந்தாங்க. பைப்பர் முழுக்க சிட் ராஜ்ஜியம். ஆனா அந்த வருஷக் கடைசிக்குள்ள அவர் கையை விட்டுப் போயிட்டார். எல்எஸ்டி, அதோட மனநிலைச் சிக்கல். மேடையில கிடாரை வாசிக்காமலே நிப்பாராம். கில்மரைச் சேர்த்துக்கிட்டு 1968 ஜனவரியில கொஞ்ச நாள் அஞ்சு பேராச் சமாளிச்சாங்க. அப்புறம் ஒரு நாள் சவுதாம்ப்டன் கச்சேரிக்கு வண்டியில கிளம்பறாங்க. சிட்டைக் கூட்டிக்கப் போகணுமான்னு வண்டிக்குள்ள பேச்சு வருது. வேணாம், விட்ருவோம்னு முடிவாகுது. அம்புட்டுதான். சண்டை இல்லை, கடிதம் இல்லை. வண்டி அவர் வீட்டுப் பக்கம் திரும்பலை.

5. தி வால் (1979): 1977 ஜூலையில மான்ட்ரியால்ல, கூச்சல் போட்ட ஒரு ரசிகன் மேல வாட்டர்ஸ் துப்பிட்டார். எனக்கும் இவங்களுக்கும் நடுவுல ஒரு சுவர் இருக்கேன்னு யோசிச்சதுல பிறந்தது இது. பள்ளிக்கூடப் பசங்க கோரஸ் பாடற பாட்டு உங்களுக்கே தெரியும், தென்னாப்பிரிக்க அரசு 1980ல அதைத் தடையே பண்ணுச்சு. இந்த ஆல்பம் நடக்கும்போதுதான் ரிக் ரைட்டை வெளியே அனுப்பினாங்க. அடுத்து நடந்த டூருக்கு அவர் சம்பளத்துக்கு வாசிக்க வந்தார். அந்த டூர் பெரிய நஷ்டம். ஓனர்கள் மூணு பேரும் கைக்காசு போட, லாபம் பார்த்தது சம்பளக்காரர் ரைட் மட்டும்தான்!

4. மெடில் (1971): எக்கோஸுக்காக மட்டும். 23 நிமிஷம். ரைட் பியானோவுல தட்டற ஒரே ஒரு ஸ்வரம், சோனார் சத்தம் மாதிரி தொடங்கும். பாம்பேயி இடிபாட்டு அரங்கத்துல ஆளே இல்லாம இதை வாசிச்ச படம் இருக்கு, அவசியம் பாருங்க.

3. தி டார்க் சைட் ஆஃப் த மூன் (1973): கல்லை எடுக்காதீங்க! 1973லிருந்து 1988 வரைக்கும் பில்போர்ட் லிஸ்ட்ல 741 வாரம் இருந்த ஆல்பம்தான், தெரியும். டேப்பை வெட்டி ஒட்டிக் காசுச் சத்தத்தைத் தாளமாக்கினதும், அபே ரோட் வாட்ச்மேன் குரலைக் கூடக் கொண்டுவந்து சேர்த்ததும் யாரும் மறுக்க முடியாத மேதமை. வார்த்தையே இல்லாம அழுது பாடின க்ளேர் டோரிக்கு அன்னிக்குக் கொடுத்தது 30 பவுண்ட். 2004ல கேஸ் போட்டு, 2005ல சமரசமாகி, அப்புறம்தான் அவர் பேரும் பாட்டு உருவாக்கினவங்க வரிசையில சேர்ந்தது. குறையே இல்லாத ஆல்பம். எனக்கு அதுதான் குறை.

2. அனிமல்ஸ் (1977): நாய், பன்றி, ஆடு. மனுஷங்க மொத்தமும் மூணு பாட்டுக்குள்ள. ஆபீஸ்ல அப்ரைசல் முடிஞ்ச சாயங்காலம் கேட்டுப் பாருங்க, டீம்ல யார் யார் எதுன்னு தெரிஞ்சிடும். அட்டைக்காக பேட்டர்ஸீ பவர் ஸ்டேஷன் மேல பறக்கவிட்ட பலூன் பன்றி 1976 டிசம்பர்ல கயிறு அறுந்து ஹீத்ரோ விமானங்களையே கலங்கடிச்சு, கடைசில கென்ட்ல ஒரு பண்ணையில போய் இறங்கிச்சு.

1. விஷ் யூ வேர் ஹியர் (1975): டார்க் சைட் வெற்றிக்கு அப்புறம் பணம் இருக்கு, பேர் இருக்கு, ஸ்டூடியோவுக்கு வந்தா யாருக்கும் வாசிக்க மனசில்லை. அப்போ கில்மர் கிடார்ல விழுந்த நாலே நாலு ஸ்வரம் எல்லாருக்கும் சிட்டை ஞாபகப்படுத்துச்சு. அவரைப் பத்தி ஒன்பது பகுதியா, 25 நிமிஷத்துக்கு மேல ஒரு பாட்டு உருவாச்சு. 1975 ஜூன் 5. அந்தப் பாட்டு வேலை நடக்கும்போது ஸ்டூடியோவுக்குள்ள ஒரு குண்டு ஆள் நிக்கறார். தலைமுடி இல்லை, புருவத்தையும் மழிச்சிருக்கார். யாரோ டெக்னீஷியன்னு நினைச்சுக்கிட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் அது சிட்னு தெரிஞ்சது. வாட்டர்ஸ் அழுதுட்டார். ஏழு வருஷம் முன்னாடி வண்டியில கூட்டிக்காம விட்ட ஆள், தன்னைப் பத்தின பாட்டு ஓடிட்டிருந்த அறைக்கே நடந்து வந்திருக்கார்.

காலேஜ்ல எனக்கு நம்பர் ஒன் டார்க் சைட்தான். விஷ் யூ வேர் ஹியர்தான்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சண்டை போட்டவன் என் ஹாஸ்டல் ரூம்மேட். 15 ஆல்பத்தையும் பென் டிரைவ்ல போட்டுக் கொடுத்தவனும் அவனே. எங்க பேட்ச்லயே நல்லா கோட் எழுதறவன். மூணாம் வருஷத்துல ஏனோ சுருண்டுட்டான். கிளாஸுக்கு வர்றதில்லை, குளிக்கறதில்லை, அரியர் மேல அரியர். ஹாஸ்டலைக் காலி பண்ணிட்டு மாமா வீட்டுக்குப் போனான். கடைசி வருஷம் கொடைக்கானல் டூர் கிளம்பினோம். வண்டி அவன் மாமா வீட்டுத் தெருவைத் தாண்டித்தான் போகணும். "அவனையும் ஏத்திக்கலாமாடா?"ன்னு ஒருத்தன் கேட்டான். "வேணாம்டா, வந்தா மூடைக் கெடுப்பான்"னு சொன்னது நான்தான்.

சவுதாம்ப்டன் கதையை நான் படிச்சது வேலைக்குச் சேர்ந்ததுக்கு அப்புறம். அன்னிக்கு என் லிஸ்ட் மாறிடுச்சு.

2005 ஜூலை 2ல லைவ் 8 மேடையில வாட்டர்ஸ், கில்மர், ரைட், மேசன் நாலு பேரும் 24 வருஷம் கழிச்சு ஒண்ணா நின்னாங்க. விஷ் யூ வேர் ஹியர் வாசிக்கறதுக்கு முன்னாடி, இது சிட்டுக்காகவும்தான்னு வாட்டர்ஸ் மைக்ல சொன்னார். கேம்பிரிட்ஜ்ல ஓவியம், தோட்டம்னு ஒதுங்கி வாழ்ந்த சிட் மறு வருஷம், 2006 ஜூலை 7ல போய்ச் சேர்ந்துட்டார்.

போன மாசம் அவன் நம்பரைத் தேடிப் பிடிச்சு ஃபோன் பண்ணேன். "யாருங்க?"ன்னான். பேரைச் சொன்னேன். ஊர்லயே கடை வச்சிருக்கானாம், நல்லா இருக்கேன்னான். நீ சொன்னதுதாண்டா கரெக்ட், அதுதான் நம்பர் ஒன்னுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அதெல்லாம் இப்ப கேக்கறதில்லைடா"ன்னான். அப்புறம், "எக்கோஸ் எத்தனாவது போட்ட?"ன்னு கேட்டான்.

நாலுன்னேன். திட்டினான்.