காற்றின் திசையும் மாந்தர் ஓட்டமும்

1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று காலை, யப்பானிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தையும் தெஹிவளைக்குத் தெற்கேயுள்ள இரத்மலானை விமானத் தளத்தையும் தாக்கின. அதன்பின் நகர மாந்தர் பெருந்தொகையாக வெளியூர்களுக்குச் சென்றனர். குண்டு விழுமிடத்தினின்றும் விலகினாற் போதும் என்பதே அன்றைய நிலை. காற்றில் நஞ்சு பரவுமிடத்தோ விலகுதல் மாத்திரம் போதாது. எத்திசையில் விலகுவது என்பதே உயிரை நிருணயிக்கும் வினாவாகும்.

இதனை உலகுக்கு உணர்த்தியது போபால் நகரம். 1984 டிசெம்பர் 2ஆம் நாளிரவு, யூனியன் காபைட் இந்தியக் கம்பனியின் பூச்சிநாசினித் தொழிற்சாலையில், 610ஆம் இலக்கத் தொட்டியினுள் நீர் புகுந்தது. உள்ளிருந்த மெதயில் ஐசோசயனேற்று நீருடன் வினைப்பட்டுச் சூடேறி, நள்ளிரவை அண்டி ஏறத்தாழ 40 தொன் வெளிப்பட்டது. இவ்வாயு காற்றினும் பாரமானது. குளிரிரவின் மெல்லிய காற்று அதனை மேலெழுந்து கலையவிடாது, தெற்கே நெருங்கிக் கிடந்த குடிசைகள் மீது தவழச் செய்தது. துயிலெழுந்தோர் கண்ணெரிய, மூச்சுத் திணற ஓடினர். பலர் காற்றுச் சென்ற திசையிலேயே ஓடினர். ஓடுவோர் ஆழ மூச்சிழுப்பர் அன்றோ? உயிர் காக்க ஓடிய ஓட்டமே அவர்க்கு யமனாயிற்று. மத்தியப் பிரதேச அரசு உறுதிப்படுத்திய மரணங்கள் 3,787. உண்மைத்தொகை அதனினும் மிகப் பெரிது என்பார் பலர். ஈரத்துணியால் முகத்தை மூடிக் காற்றுக்குக் குறுக்கே சென்றிருப்பின் பலர் பிழைத்திருப்பர். அதனைச் சொல்வார்தாம் அவ்விரவில் இலர்.

தில்லியிலுள்ள இந்தியத் தொழினுட்பக் கழக ஆய்வாளர் 1987இல் அவ்வாயுப் பரம்பலைக் கணித்து வெளியிட்டனர். காற்றின் வேகம், திசை, கசிந்த அளவு ஆகியவற்றைக் கொடுத்தால், எவ்விடத்தில் எவ்வளவு நஞ்சு நிற்கும் என்பதை இத்தகைய கணிப்புக் காட்டும். பிற்காலத்தார் கணினியில் மாந்தரையும் சேர்த்தனர். ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. நடைவேகமுண்டு, வீதியின் அகலத்துக்கேற்ற நெருக்கமுமுண்டு. பாலத்திற் புள்ளிகள் தேங்குமாயின், கதவடைத்து உள்ளிருத்தலே நன்று என்னும் விடையும் சிலவேளை கிடைக்கும். ஆயினும், தாயைத் தேடி எதிர்த்திசையில் திரும்பும் மகனைச் சேர்க்காத கணிப்பை யாம் நம்பேம்.

இனித் தெஹிவளையை நோக்குவோம். மேற்கே கடல், வடக்கே வெள்ளவத்தைக் கால்வாய். மார்கழியில் வடக்கிலிருந்து காற்று வீசும்போது அப்பக்கத்தே நஞ்சு கசியுமாயின், காலி வீதிவழியே தெற்கே ஓடுவது போபாலார் ஓடிய ஓட்டமேயாகும். குறுக்கே விலகக் கிழக்கு நோக்கிய ஒடுங்கிய வீதிகளும் ஒழுங்கைகளுமே உள. அவற்றில் ஒரு மணி நேரத்தில் எத்துணைப்பேர் செல்லலாம் என எண்ணிக் குறித்தல், எமது உயர்வகுப்பு மாணாக்கரே தொடங்கத்தக்க வேலை.