கரிபா அணையும் தொங்கா மக்களும்

சம்பேசி ஆற்றைத் தென்னெல்லையாகக் கொண்டு ஆபிரிக்காவின் நடுவே அமைந்துள்ள நாடு சாம்பியா. 1964ஆம் ஆண்டு ஒற்றோபர் 24ஆந் திகதி சுதந்திரம் பெறும்வரை அது வட றொடீசியா என்னும் பெயருடன் பிரித்தானியர் ஆட்சியில் இருந்தது; 1953 முதல் 1963 வரை மத்திய ஆபிரிக்கச் சமஷ்டியின் ஓர் உறுப்பாகவும் விளங்கிற்று. செம்புச் சுரங்கங்களாற் பெயர் பெற்ற அந்நாட்டுக்கு அறிஞர் உலகிலே வேறொரு சிறப்பும் உண்டு. ஒரு மக்கட் கூட்டத்தின் உணவு, உழைப்பு, நோய், பிறப்பு, இறப்பு ஆகியவற்றைத் தலைமுறைக் கணக்கிலே தொடர்ந்து ஆராயும் பணி மிகச் சில இடங்களிலேயே நடைபெற்றுள்ளது. அவ்விடங்களுள் ஒன்று இந்நாட்டின் குவெம்பே பள்ளத்தாக்கு.

இப்பணிக்கு முன்னோடியாக விளங்கியவர் ஒட்றி றிச்சாட்ஸ் அம்மையார். 1930க்கும் 1934க்கும் இடையில் இருமுறை பெம்பா மக்களிடையே தங்கி, அவர்தம் அடுப்பங்கரையிலே ஆராய்ச்சியைத் தொடங்கினார். பெம்பாக்கள் மரக்கிளைகளைத் தறித்துக் குவித்து எரித்து, அச்சாம்பலிலே குரக்கன் விதைப்பவர். நம் நாட்டுச் சேனைப் பயிர்ச்செய்கைக்கு அது நெருங்கிய உறவு. குரக்கன் களி உண்ணாதவன் உண்டவனாகான் என்பது அவர்தம் கொள்கை. மாரிகாலத்தில், புதிய கதிர் முற்றுமுன், பழைய குரக்கன் தீர்ந்து பசி தலைகாட்டும். இவற்றையெல்லாம் நிறுத்தும் அளந்தும் எழுதிய அம்மையார், ஆடவர் செம்புச் சுரங்கங்களுக்குக் கூலிகளாய்ச் சென்றமையால் மரந்தறிக்க ஆளின்றிக் கிராமங்கள் பசியுற்றன என 1939இல் வெளிவந்த தமது நூலில் முடிவு கூறினார். அரை நூற்றாண்டின் பின் என்றியெற்றா மூர், மேகன் வோன் என்னும் இருவர் அதே மாகாணத்தை மீள ஆராய்ந்து 1994இல் ஒரு நூல் வெளியிட்டனர். ஆடவர் நீங்கியபோதும் பெண்கள் மரவள்ளி நட்டும், உறவினர் உழைப்பைத் திரட்டியும் நிலைமையைச் சமாளித்த திறத்தை அவர்கள் எடுத்துக் காட்டினர். றிச்சாட்ஸ் கண்டவை பொய்யல்ல. ஆயினும் ஒரு காலத்திற் கண்டதை எக்காலத்துக்கும் உரியதாகக் கொள்ளல் ஆகாது என்பது இதனாற் பெறப்படும்.

1937இல் வட றொடீசியாவில் றோட்ஸ்-லிவிங்ஸ்ரன் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. கொட்பிறே வில்சன், மக்ஸ் குளுக்மன், எலிசபெத் கொல்சன் என்போர் அதனை அடுத்தடுத்து நடத்தினர். ஆட்சியாளரும் செம்புக் கம்பனிகளும் கொடுத்த பணத்திலே அது இயங்கிற்று என்பதை மறைத்தல் நேர்மையன்று. ஆளப்படுவோரின் இடர்களை ஆள்வோரின் பணத்தைக்கொண்டு ஆராய்வதிலுள்ள சங்கடம் அந்நிலையத்தை ஒருபோதும் விட்டு நீங்கவில்லை. அச்சங்கடம் முழு உருவெடுத்தது கரிபாவிலேயாகும்.

செம்புச் சுரங்கங்களுக்கு மின்வலி வேண்டியிருந்தது. 1956இல் உலக வங்கி எட்டுக் கோடி டொலர் கடன் வழங்கிற்று. சம்பேசி ஆறு குறுகிப் பாயும் கரிபாக் கணவாயிலே அணை எழுந்து, 1958 டிசம்பரில் ஆறு தடுக்கப்பட்டது. நீர் பெருகி ஏறக்குறைய 280 கிலோமீற்றர் நீளமான ஏரியாயிற்று. ஏரிக்கு அடியிற் சென்றவை தொங்கா மக்களின் ஊர்களும் வயல்களும் முன்னோர் வழிபாட்டிடங்களுமாம். ஆற்றின் இருமருங்கிலுமாக 57,000 மக்கள் பெயர்க்கப்பட்டனர்.

அணை நிறைவுறுமுன்பே அம்மக்களின் வாழ்வை ஆராய்ந்து, பெயர்க்கப்பட்ட பின்னர் மறுபடியும் ஆராய்ந்து, இரண்டையும் ஒப்பிடவேண்டும் என்று நிலையம் எண்ணிற்று. கொல்சன் அம்மையாரும், தேயர் ஸ்கடர் என்னும் இளைஞரும் 1956இற் குவெம்பேயிற் புகுந்தனர். தொங்காக்கள் தாய்வழி மரபினர். வெள்ளம் வடிந்த கரையிலே வண்டல் படிந்த தோட்டங்களை அவர்கள் பெரிதும் நம்பி வாழ்ந்தனர். மழைக்கால விளைவு போதாதவிடத்து, வேனிலிலே அத்தோட்டங்கள் கைகொடுக்கும். பெண்களும் தம் மரபுரிமையால் அத்தோட்டங்களிற் பங்கு பெற்றிருந்தனர். குடிபெயர்ப்பின்பின் காட்டை வெட்டித் திருத்தியவர் ஆடவராகையால், புதிய நிலம் ஆடவருடையதாயிற்று. பெண்களின் உரிமையைப் பறிக்கச் சட்டம் ஒன்றும் இயற்றப்படவில்லை. உரிமை தங்கியிருந்த மண்ணே நீருள் மறைந்துவிட்டது. இழப்பீடு கணக்கிட்டோரின் ஏடுகளில் இவ்விழப்புக்கு ஒரு வரிதானும் இல்லை.

ஏரிக்கரையில் எல்லோர்க்கும் நிலம் போதாமையால், சிப்பெப்போ என்னும் தலைவரின் குடிகளுள் ஏறக்குறைய 6,000 பேரை அணைக்குக் கீழே, வெகு தொலைவிலுள்ள உலுசித்து என்னும் வரண்ட நிலத்துக்குக் கொண்டுசெல்ல அரசாங்கம் துணிந்தது. அவர்கள் மறுத்தனர். 1958 செப்டெம்பரிற் பொலிசார் சுட்டனர், எட்டுப்பேர் மாண்டனர். எஞ்சியோர் லொறிகளில் ஏற்றப்பட்டனர்.

உலுசித்துவில் நேர்ந்ததே இவ்வரலாற்றின் மிகத் துயரமான பகுதி. குடியேறியோரிடையே வயிற்றுளைவு பரவிச் சிறுவரைக் கொண்டுசென்றது. அதன்பின் 1959இலே காரணம் விளங்காத ஒரு நோய் தோன்றிற்று. நன்றாயிருந்தவர் திடீரென வீழ்ந்து இறந்தனர். ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாண்டோர் பெண்களும் பிள்ளைகளுமே. மருத்துவர் ஆராய்ந்தும் உறுதியான காரணம் காணவில்லை. பசிக்காலத்திலே அறிமுகமில்லாத காட்டில் இலையுங் கிழங்கும் தேடியோர், தம் பழைய ஊரில் உண்டவற்றைப் போன்ற நச்சுச் செடியொன்றை உண்டிருக்கலாம் என்பது ஸ்கடரின் ஊகம். அது மெய்யாயின், உணவிலும் மருந்திலும் வல்லவரான பெண்கள், தம் அறிவு செல்லாத மண்ணிலே விடப்பட்டமையே அவர்களைக் கொன்றது எனல் வேண்டும். எந்த மருத்துவமனையின் பதிவேட்டில் இதனை ஒரு நோயாக எழுதுவது?

ஆராய்ச்சியாளர் அரசினரைத் தடுத்து நிறுத்தியிருக்கலாகாதா என்னும் வினா மாணவர் பலருக்கு எழும். தடுக்கும் ஆற்றல் அவர்களிடம் இருக்கவில்லை. அவர்கள் கணிக்க வந்தவர்கள். ஆயினும் கணித்துவிட்டுப் போய்விடாமல் திரும்பத் திரும்ப வந்தமையே அவர்தம் பெருமை எனக் கருதுகிறேன்.

1962-63இல் அவர்கள் மீண்டபோது நிலைமை தேறத் தொடங்கியிருந்தது. புதிய ஏரியில் மீன் பெருகிற்று. இளைஞர் வலைவீசிப் பணம் ஈட்டினர். செற்சி ஈ ஒழிக்கப்பட்ட இடங்களில் மாடுகள் பல்கின. சுதந்திரத்தின்பின் பள்ளிக்கூடங்களும் மருந்தகங்களும் எழுந்தன. சிலர் பருத்தி விளைவித்தனர். (நம் வயல்களைப் பாழாக்கிய சல்வீனியா என்னும் நீர்க்களை கரிபா ஏரியின் ஐந்திலொரு பகுதியளவு படர்ந்திருந்ததும் அக்காலத்தில்தான். நத்தை வழியாகத் தொற்றும் பில்காசியா நோயும் ஏரிக்கரையிற் பரவிற்று.) 1970ஆம் ஆண்டளவில் ஆராய்ச்சியை முடித்திருந்தால், முதலிலே துன்பம், பின்னர் வளம் என்றே நூல் எழுதப்பட்டிருக்கும்; திட்டமிடுவோரும் அதனை மகிழ்ந்து மேற்கோள் காட்டியிருப்பர்.

ஆராய்ச்சி முடியவில்லை. நான்கு கிராமங்களின் குடிசனமதிப்பை அவர்கள் ஆண்டுக்கணக்கிற் புதுக்கிவந்தனர். ஊரவரே நாட்குறிப்பு எழுதி உதவினர். 1970களின் நடுப்பகுதியிற் செம்பின் விலை வீழ்ந்தது. அரசாங்கத்தின் கை வரண்டது. ஏரியின் அக்கரையில் நடந்த றொடீசிய விடுதலைப் போர் இக்கரையிலும் கண்ணிவெடிகளை விதைத்தது. மருந்தகங்களில் மருந்து அருகிற்று. பின்னர் மாடுகள் நோயுற்று மாண்டன. மதுப்பழக்கம் மிகுந்த வரலாற்றைக் கொல்சனும் ஸ்கடரும் 1988இல் தனி நூலாகவே எழுதினர். அணையின் மின்வலியோ பல ஆண்டுகளாய் அம்மக்களின் தலைக்கு மேலாற் சுரங்கங்களுக்குச் சென்றுகொண்டிருந்தது. அவர்தம் குடில்களில் இருள் நீங்கவில்லை.

இவ்வேற்றத் தாழ்வுகள் மக்களின் உடலிலும் எழுதப்பட்டன. 1956 முதல் 1991 வரை திரட்டிய கணக்குகளை வைத்துச் சாமுவேல் கிளாக் முதலியோர் 1995இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். குடிபெயர்ப்புக் காலத்திற் பிறப்புக் குன்றி இறப்பு மிகுந்ததும், வளமான ஆண்டுகளில் அந்நிலை மாறியதும், பின்வந்த வறுமை மீண்டும் அவற்றைத் தாக்கியதும் அதனாற் புலனாயின. திருமணத்துக்கு நாட்பார்ப்பதுகூடப் பொருளாதாரத்தைப் பார்த்தே நடந்தது போலும்.

ஸ்கடர் தாம் குவெம்பேயிற் கற்றதைப் பிற நாடுகளுக்கும் கொண்டுசென்றார். நம் நாட்டின் மகாவலிக் குடியேற்றங்களை 1979 முதலாகப் பலமுறை பார்வையிட்டு மதிப்பிட்டவரும் அவரே. 1998இல் அமைக்கப்பட்டு 2000ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்ட உலக அணைக்கட்டு ஆணைக்குழுவிலும் அவர் அங்கம் வகித்தார். பெயர்க்கப்பட்டோர் முன்னேறினர் என்று கூறவேண்டுமாயின், அவர்தம் பிள்ளைகளின் தலைமுறையையும் பார்த்தபின்னரே கூறவேண்டும் என்பது அவரும் கொல்சனும் வற்புறுத்திய கருத்து.

கொல்சன் அம்மையார் முதுமையிலே தம் நாடாகிய அமெரிக்காவை விட்டு, தொங்காக்கள் வாழும் தென்சாம்பியாவின் மொன்சே நகர்ப்புறத்திற் குடியேறினார். 2016ஆம் ஆண்டு ஓகஸ்டில், தமது தொண்ணூற்றொன்பதாவது வயதில், அங்கேயே காலமானார். அவர் எண்ணத் தொடங்கிய நான்கு கிராமங்களில் எண்ணும் பணியை இளைய ஆராய்ச்சியாளர் ஏற்றனர். உலுசித்துவிலே அந்தப் பெண்களும் பிள்ளைகளும் இறந்த காரணம் இன்றுவரை ஐயமறத் தெரியவில்லை.