ஒரு நாற்காலியின் 38 ஆண்டுகள்

சாஃப்ட்பால் என்பதைத் தமிழில் மென்பந்து என்று எழுதப் போனால் முதல் அடியிலேயே சறுக்கிவிடுவோம். யாழ்ப்பாணத்து வாசகருக்கு மென்பந்து என்றால் டென்னிஸ் பந்தில் ஆடும் கிரிக்கெட். நாம் சொல்ல வந்ததோ அமெரிக்காவின் பேஸ்பாலுக்குத் தங்கை முறையான ஓர் ஆட்டம். 1887-ஆம் ஆண்டு நன்றி நவிலும் நாளன்று, சிகாகோவின் படகுக் கழகம் ஒன்றில் பொழுது போகாமல் இருந்த சில ஆண்கள், குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி, கிடைத்த கழியால் அடித்ததில் பிறந்தது அது. மைதானம் சிறியது, பந்து பெரியது, ஒன்பது இன்னிங்ஸுக்குப் பதில் ஏழு. பந்தைத் தோளுக்கு மேலிருந்து வீசாமல் கையைக் கீழ்வழியாகச் சுழற்றி எறிவார்கள். பெயரில் மென்மை இருக்கிறதே தவிர, இன்றைய பந்தில் அது கிடையாது. ஆண்கள் கண்டெடுத்த இவ்வாட்டம் காலப்போக்கில் அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்களின் ஆட்டமாயிற்று. அந்த உலகில் 1,707 வெற்றிகளைக் கணக்கில் வைத்துவிட்டு 2022-இல் ஓய்வு பெற்ற கரோல் ஹட்சின்ஸைப் பற்றியே இக்கட்டுரை.

கல்லூரிப் பயிற்சியாளருக்கு ஒரு கட்டுரையா என்று கேட்பவர்கள் இருக்கக்கூடும். நம் நினைவில் விளையாட்டு ஆசிரியர் என்பவர் ஊதலும் கையுமாக நிற்பவர்; தேர்வு நெருங்கினால் அவருடைய வகுப்பைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார். அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே பெரிய பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் ஊரறிந்த மனிதர். கால்பந்துப் பயிற்சியாளரின் சம்பளம் பல்கலைக்கழகத் தலைவரின் சம்பளத்தைத் தாண்டுவது அங்கே சாதாரணம். ஆனால் நெடுங்காலம் இந்த வாழ்வெல்லாம் ஆண்களின் அணிகளுக்கே உரியதாக இருந்தது.

ஹட்சின்ஸ் 1957-இல் மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் நகரில் பிறந்தவர். அவருக்குப் பதினைந்து வயதானபோது, 1972 ஜூனில், அதிபர் நிக்சன் ஒரு கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அரசுப் பணம் பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பாலின அடிப்படையில் ஒருவரை விலக்கக் கூடாது என்றது அதன் ஒன்பதாம் பகுதி. 'டைட்டில் நைன்' என்று அதை அழைக்கிறார்கள். அதன் வாசகத்தில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். மைதானத்துக்கும் அது பொருந்தும் என்பதைப் பின்னால் வந்தவர்கள் விதிகளாலும் வழக்குகளாலும் நிலைநாட்ட வேண்டியிருந்தது. அப்படி நிலைநாட்டியவர்களில் ஒருவர் ஹட்சின்ஸ்.

உள்ளூரிலேயே இருந்த மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் இரண்டு ஆட்டங்கள் ஆடினார். முதலாண்டிலேயே, 1976-இல், அவருடைய சாஃப்ட்பால் அணி ஒமாஹா நகரில் தேசிய பட்டத்தை வென்றது. மற்றொன்று கூடைப்பந்து. வழக்கு அதிலிருந்துதான் வந்தது. அதே பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்து அணியில் அப்போது மேஜிக் ஜான்சன் ஆடிக்கொண்டிருந்தார். 1979 மார்ச்சில் அவ்வணி தேசிய வாகை சூடியது. ஒரே பல்கலைக்கழகம், ஒரே ஆட்டம். ஆனால் வெளியூர் போனால் ஆண்களுக்கு ஒரு சாப்பாட்டுப்படி, பெண்களுக்கு அதனினும் குறைந்த படி. அறைகளிலும் பெண்களே நெருக்கியடித்துப் படுக்க வேண்டும். பெண்கள் அணியினர் நிர்வாகக் குழுவின் மீது கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். அந்த வழக்கு ஹட்சின்ஸின் பெயரையே தாங்கி நிற்கிறது. உணவிலும் தங்குமிடத்திலும் வேற்றுமை கூடாதென்று 1979-இல் இடைக்கால உத்தரவு கிடைத்தது. மாணவி ஒருத்தி, தான் படித்துக்கொண்டிருக்கும் கல்லூரியை, சாப்பாட்டுக் காசுக்காக நீதிமன்றத்துக்கு இழுத்தாள் என்பது சிலருக்கு அற்பமாகத் தோன்றலாம். பசியைப் பற்றிப் பேசாமல் சமத்துவத்தைப் பற்றி மட்டும் பேசுவது வயிறு நிறைந்தவர்களுக்கே எளிது.

மேற்படிப்பை இந்தியானாவில் முடித்து, ஃபெரிஸ் மாநிலக் கல்லூரியில் 1982-இல் ஒரே ஒரு பருவம் பயிற்சியளித்தார். பிறகு ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு துணைப் பயிற்சியாளர். அவர் படித்த கல்லூரிக்குப் பரம்பரைப் பகையாளி அது. 1985 பருவத்தில், இருபத்தேழு வயதில், அங்கேயே தலைமைப் பயிற்சியாளரானார்.

அக்காலகட்டத்தை இங்கே சற்று நின்று பார்ப்பது நல்லது. பெண்கள் விளையாட்டைப் பெண்களே நடத்திவந்த சங்கத்தை, ஆண்களின் பெரிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. 1980-களின் தொடக்கத்தில் ஓரங்கட்டிவிட்டது. தேசியப் போட்டிகள் அதன் கைக்குப் போயின. 1984 பிப்ரவரியில், குரோவ் சிட்டி கல்லூரி வழக்கில், அரசுப் பணம் நேரடியாகச் சேரும் பிரிவுக்கு மட்டுமே டைட்டில் நைன் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளையாட்டுத் துறைகள் பெரும்பாலும் அப்படிப் பணம் பெறுவதில்லை. ஆகவே அங்கே சட்டம் பல்லில்லாததாயிற்று. ரீகனின் மறுப்பையும் மீறி நாடாளுமன்றம் 1988-இல் அதைச் சரிசெய்தது. ஆக, ஹட்சின்ஸ் அணியைக் கட்டத் தொடங்கிய முதல் மூன்றாண்டுகள் சட்டம் உறங்கிய ஆண்டுகள்.

சட்டம் விழித்த பின்னும் ஒரு விசித்திரம் நடந்தது. புரூக்ளின் கல்லூரியின் விவியன் அகோஸ்டாவும் லிண்டா கார்பென்டரும் பல்லாண்டுகளாக எடுத்துவந்த கணக்கின்படி, 1972-இல் பெண்கள் அணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றுக்குப் பெண்களே பயிற்சியாளர்கள். 2006-இல் அது நாற்பத்திரண்டு அளவுக்கு இறங்கியிருந்தது. பெண்கள் அணிக்குப் பணமும் மதிப்பும் வந்ததும் அந்த நாற்காலி ஆண்களின் கண்ணில் பட்டது. ஆடுகளம் பெண்களுக்குத் திறந்தது; அதே கதவின் வழியே பயிற்சியாளர் வேலை வெளியேறியது. ஹட்சின்ஸ் 38 பருவங்கள் ஒரே நாற்காலியில் அமர்ந்திருந்ததை இந்த எண்களின் அருகில் வைத்துத்தான் நாம் படிக்க வேண்டும்.

மிச்சிகனில் வேறொரு எதிரியும் இருந்தது: பனி. சாஃப்ட்பால் பருவம் பிப்ரவரியில் தொடங்குகிறது. அப்போது ஆன் ஆர்பரின் திடல் வெண்மூட்டையாகக் கிடக்கும். கூரைக்குள் பழகிவிட்டு, முதல் பல வாரங்கள் கலிபோர்னியா, ஃபுளோரிடா என்று வெயில் உள்ள ஊர்களைத் தேடி அணி அலைய வேண்டும். கலிபோர்னியாப் பெண்ணோ ஆண்டு முழுதும் வெளியில் ஆடுகிறாள். 1982 முதல் என்.சி.ஏ.ஏ. நடத்திய போட்டியில், மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இருந்த எந்தக் கல்லூரியும் 2004 வரை பட்டம் வென்றதில்லை.

2005 ஜூனில் ஓக்லஹோமா நகரில் நடந்த இறுதிப் போட்டி, முதன்முறையாக மூன்று ஆட்டத் தொடராக மாற்றப்பட்டிருந்தது. எதிரில் யு.சி.எல்.ஏ., இவ்வாட்டத்தின் பழம்பெரும் அரண்மனை. மிச்சிகன் முதல் ஆட்டத்தில் தோற்று, இரண்டாவதை 5–2 என வென்றது. மூன்றாவது ஆட்டம் ஏழு இன்னிங்ஸில் தீராமல் பத்தாவதுக்குப் போனது. அங்கே முதலாண்டு மாணவி சமந்தா ஃபிண்ட்லே அடித்த ஒரு பந்து வேலியைத் தாண்ட, மூன்று ஓட்டங்கள். 4–1. ஆற்றைத் தாண்டிக் கோப்பை முதன்முறை கிழக்கே வந்தது.

பிறகு அவர் இன்னொரு தேசிய பட்டம் வெல்லவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2015-இல் ஃபுளோரிடாவிடம் இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் தோற்றார். அரிசோனாவின் மைக் கேண்ட்ரியாவுக்கு எட்டுப் பட்டங்கள். ஓக்லஹோமாவின் பாட்டி காசோவும் 2024-இல் எட்டைத் தொட்டார். கோப்பைகளை எண்ணுபவர்கள் ஹட்சின்ஸை அவர்களுக்குக் கீழே வைப்பார்கள். தவறென்று சொல்ல மாட்டோம். ஆனால் 38 பருவங்களில் ஒன்றில்கூடத் தோல்விகள் வெற்றிகளை மிஞ்சவில்லை. பிக் டென் கூட்டமைப்பின் பருவப் பட்டம் 22 முறை அவர் அணிக்கு. ஃப்ரெஸ்னோவின் மார்ஜி ரைட் வைத்திருந்த வெற்றிக் கணக்கை 2016-இலும், கேண்ட்ரியாவின் கணக்கை 2022-இலும் கடந்தார். பனி பெய்யும் ஊரிலிருந்து இதைச் செய்வதை, கோப்பைக்கு நிகரான காரியமாகவே நாம் கருதுகிறோம்.

2022 ஆகஸ்டில் ஓய்வை அறிவித்தார். அடுத்த தலைமைப் பயிற்சியாளரின் பெயரும் அன்றே வெளியாயிற்று: பானி தோல். ஹட்சின்ஸிடமே ஆடி, பிறகு ஏறத்தாழ முப்பதாண்டுகள் அவர் பக்கத்தில் துணைப் பயிற்சியாளராக நின்றவர். அடுத்த பிப்ரவரியில் ஆன் ஆர்பரின் பனியை விட்டு, வெயிலைத் தேடித் தெற்கே அணியைக் கூட்டிச் சென்றவர் அவர்.