பல்பகுதியக் கல்வியும் மட்டக்களப்பு வாவிக்கரையும்

இலங்கையில் பல்பகுதியங்கள் பற்றிய கல்வி இறப்பர் மரத்தின் நிழலில் வளர்ந்தது. 1876ஆம் ஆண்டிலே பிரேசில் நாட்டு இறப்பர் வித்துக்கள் இங்கிலாந்தின் கியூ பூங்காவில் முளைக்கவைக்கப்பட்டன. அந்நாற்றுக்களுள் ஏறத்தாழ ஈராயிரம் அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பெற்று ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. ஈரவலயத்து மழையே அம்மரத்துக்கு உகந்தது. ஆதலின் தோட்டமும் துறைமுகமும் அகலவத்தை ஆராய்ச்சி நிலையமும் தீவின் தென்மேற்கிலேயே அமைந்தன. கல்வியும் அவற்றைத் தொடர்ந்தது. 1966இல் கட்டுபெத்தையில் நிறுவப்பட்ட தொழினுட்பவியற் கல்லூரி, 1972இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாயிற்று. இறப்பரும் பிளாத்திக்கும் பற்றிய தொழினுட்பக் கல்வி நாட்டில் வேரூன்றிய இடங்களுள் அதுவே தலையாயது.

உலர்வலயத்து மட்டக்களப்பில் இறப்பர்த் தோட்டம் இல்லை. அதுகொண்டு அப்பிரதேசத்துக்கும் பல்பகுதியத்துக்கும் தொடர்பில்லை எனக் கொள்வது பொருந்தாது. சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கிற் சங்கிலியாய்க் கோவைப்படுவதால் ஆன பெருமூலக்கூறே பல்பகுதியம் எனும் கருத்தை, ஜேர்மனிய இரசாயனவியலாளர் ஸ்ரௌடிங்கர் 1920இல் முன்வைத்தார். அறிஞர் பலர் அன்று அதனை ஏற்கவில்லை; நோபெல் பரிசு அவருக்கு 1953இலேதான் கிட்டியது. அக்கருத்தின்படி இறப்பர், நைலோன், வைக்கோலிலுள்ள செலுலோசு ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தன. இவற்றுட் பின்னைய இரண்டும் வாவிப் பிரதேசத்தின் வாழ்வோடு நெருங்கிய உறவுடையவை.

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே வாழைச்சேனைக் காகித ஆலை 1956இல் இயங்கத் தொடங்கிற்று. காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம் ஆகியவற்றோடு இவ்வாலையையும் சேர்த்து, கைத்தொழில் அமைச்சராயிருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் முயற்சியாகக் குறிப்பிடுவது வழக்கம். நெல் விளையும் நிலத்தில் மிஞ்சிய வைக்கோலே அதன் முதன்மையான மூலப்பொருள். வைக்கோலை எரிசோடாவுடன் அவிக்கும்போது, நார்களைப் பிணைத்து நிற்கும் இலிக்னின் கரைந்து பிரிய, செலுலோசு கூழாய் எஞ்சுகிறது. செலுலோசு போலவே இலிக்னினும் ஒரு பல்பகுதியம். ஆகவே ஆலையில் நிகழ்ந்தது இரு பல்பகுதியங்களைப் பிரித்தெடுக்கும் வேலையேயாகும். வைக்கோல் வழியாக வந்த இடர் ஒன்றும் உண்டு. நெற்பயிர் மண்ணிலிருந்து ஏற்கும் சிலிக்கா, அவித்தபின் எஞ்சும் கருநீரிற் கலந்துவிடும். மரக்கூழ் ஆலைகள் கருநீரிலிருந்து சோடாவை மீட்டுக்கொள்ளும் எளிமை வைக்கோல் ஆலைகளுக்கு வாய்ப்பதில்லை. வாழைச்சேனையின் கழிவுநீரும் அயலிலுள்ள களப்பையே சென்றடைந்தது. ஆய்வுகூடமும் மாணவரும் அருகிருந்து ஆராய்ந்திருக்கவேண்டிய வினா அது.

வலையின் வரலாறு இன்னும் நுட்பமானது. ஐம்பதுகளின் பிற்பகுதிவரை மீனவர் பயன்படுத்தியவை பருத்தி, சணல் முதலிய நார்களால் ஆன வலைகளே. நீரில் வாழும் நுண்ணுயிர்கள் செலுலோசுச் சங்கிலியை அறுத்து உண்பதால் அவை விரைவில் உக்கும். அதனைத் தடுக்க வலையை மரப்பட்டைச் சாற்றில் தோய்ப்பதும், தொழில் முடிந்ததும் வெயிலில் உலர்த்துவதும் மீனவரின் அன்றாடக் கடமைகளாயின. கரோதர்ஸ் 1935இல் அமெரிக்காவில் ஆக்கிய நைலோன், இருபது இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் இலங்கைக் கரையை வந்தடைந்தது. நுண்ணுயிர்கள் அதன் சங்கிலியை எளிதில் அறுக்கமாட்டா. ஆனால் வெயிலின் புறவூதாக் கதிர்கள் அறுக்கும். பருத்தி வலைக்கு ஆயுள் தந்த வெயில் நைலோன் வலைக்குக் கேடாயிற்று. தலைமுறை தலைமுறையாக வந்த தொழிலறிவு இவ்வாறு ஒரு தலைமுறைக்குள் தலைகீழானபோது, அதற்கான காரணத்தைத் தமிழில் விளக்க வாவிக்கரையில் ஒரு கல்விக்கூடம் இருக்கவில்லை. உக்காமை என்ற அக்குணமே பின்னர் வேறொரு தீங்கையும் கொணர்ந்தது. அறுந்து மூழ்கிய நைலோன் வலை ஆளில்லாமலே மீனைக் கொன்றுகொண்டிருக்கும். தங்கூசி வலை பிற்காலத்திற் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது.

வாவிப் பிரதேசத்தார் விஞ்ஞானக் கல்வியில் நாட்டமற்றவர் என எவரும் கூறவியலாது. 1892இல் காரைதீவிற் பிறந்து, மட்டக்களப்பு அர்ச். மைக்கேல் கல்லூரியிற் பயின்ற மயில்வாகனனார், கொழும்புத் தொழினுட்பக் கல்லூரியில் 1916இல் விஞ்ஞான டிப்ளோமாப் பெற்றவர். இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் அவருடையது. தமிழுலகம் அவரை யாழ்நூல் தந்த விபுலானந்த அடிகளாராகவே நினைவுகூர்கிறது. இரசாயனம் கற்பித்த ஆசிரியராக நினைவுகூர்வோர் சிலரே. 1936இல் சென்னையில் நடைபெற்ற சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே; அம்முயற்சியின் பயனாகக் கலைச்சொற்றொகுதி 1938இல் வெளிவந்தது. தமிழில் விஞ்ஞானம் கற்பிக்க முனைந்த இலங்கைப் பாடசாலைகள் அத்தகைய சொல்லாக்கப் பணியின் வழிநின்றவை. தமிழகத்தார் 'பலபடி' என்பதை ஈழத்து மாணவர் 'பல்பகுதியம்' என்று உயர்தர வகுப்பிற் கற்கின்றனர். சொல் கிடைத்துவிட்டது. அதனைக் கொண்டு மேலே கற்பதற்கு, தீவைக் குறுக்காகக் கடந்து ஆங்கிலமொழிப் பீடத்துக்குச் செல்லவேண்டியிருந்தது.

அவ்வழியும் எழுபதுகளில் ஒடுங்கிற்று. 1971ஆம் ஆண்டு அனுமதியில், 400 புள்ளிகளுக்குப் பேராதனைப் பொறியியற் பீடத்துக்குத் தமிழ்மொழி மாணவர் 250உம் சிங்களமொழி மாணவர் 227உம் பெறவேண்டியிருந்தது. கட்டுபெத்தைக்கு முறையே 232, 212. 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீட்டின் விளைவு ஒரேதன்மையதன்று. யாழ்ப்பாணத்து மாணவருக்கு அது பேரிழப்பு. பாடசாலை வசதி குன்றிய மட்டக்களப்புக்கோ ஒரு சிறு வாயில். தரப்படுத்தலைப் பற்றி எழுதுவோர் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் தொடாமலே செல்வர்.

மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தாறுமூலையில் 1981 ஆகஸ்ட் முதலாந் திகதி தொடங்கி, 1986 ஒக்டோபரிற் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. விஞ்ஞானமும் விவசாயமுமே தொடக்கப் பீடங்கள். பொறியியல் அவற்றுள் இல்லை. கல்லூரி தொடங்கிய காலத்தில், இருபது கிலோமீற்றருக்குள் வாழைச்சேனை ஆலை வைக்கோலை அவித்துக்கொண்டிருந்தது. பின்வந்த போராண்டுகளில் ஆலை நலிந்தது. வளாகமும் இடம்பெயர்ந்தோரின் அடைக்கலமாயிற்று. கிழக்குக் கரையில் ஒரு பொறியியற் பீடம் தோன்றியது 2010களிலே, தெற்கே ஒலுவிலில்.