வயோதிபர் படையும் கொட்ஃபிறியின் பதக்கமும்

1940ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் திகதி பிரித்தானியப் போர் அமைச்சர் அந்தனி ஈடன் வானொலியிற் பேசினார். படைச் சேவையிற் சேராத ஆண்கள் தத்தம் ஊரைக் காக்க முன்வரவேண்டும் என்பதே அவரது அழைப்பு. யூலை முடிவதற்குள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பெயர் பதிந்தனர். ஆயுதமோ போதியதாக இல்லை. வேட்டைத் துப்பாக்கியும் தடியுமே பலர் கையிற் கிடைத்தவை. உள்நாட்டுக் காவற்படை எனப் பின்னர் பெயர்பெற்ற இப்படை 1944 டிசெம்பரிற் பணியினின்றும் விடுவிக்கப்பட்டது. எதிர்பார்த்த ஜேர்மானியப் படையெடுப்பு நிகழவேயில்லை.

நிகழாத போருக்காகக் காத்திருந்த இம்மனிதரை மக்கள் நினைவில் நிலைநிறுத்தியது, பி.பி.சி. தொலைக்காட்சி 1968 முதல் 1977 வரை 80 அங்கங்களாக ஒளிபரப்பிய 'டாட்ஸ் ஆர்மி' எனும் நகைச்சுவைத் தொடராகும். அதனை ஜிம்மி பெரியும் டேவிட் குறொஃப்ற்றும் எழுதினர். பெரி இளமையில் இப்படையிற் சேவை செய்தவர்.

கற்பனைக் கடலோர ஊரொன்றின் வங்கி முகாமையாளர் மேன்வாரிங் கப்டனாகிறார். அவரது தலைமை எழுதுவினைஞர் வில்சன் சார்ஜன்ட் ஆகிறார். பதவியில் மேலவர் மேன்வாரிங். பிறப்பிலும் கல்வியிலும் மேலவரோ வில்சன். ஆங்கிலச் சமூகத்தின் வர்க்க உணர்வை இவ்விருவரின் உரையாடல் காட்டுமளவுக்குச் சமூகவியல் நூல்கள் காட்டுமோ என்பது ஐயமே! இறைச்சிக்கடைக்காரர், பிரேத அடக்கம் செய்பவர், கள்ளச்சந்தை வியாபாரி என மற்றையோரும் ஊரின் பல படிகளினின்றும் வந்தவர்கள்.

எனினும் இத்தொடரின் உயர்வு 1969இல் ஒளிபரப்பான ஓர் அங்கத்திலேயே முழுமையாக வெளிப்படுகின்றது. சாதுவான முதியவர் கொட்ஃபிறி, முதலாம் உலகப் போரில் தாம் மனச்சாட்சியின்படி ஆயுதமேந்த மறுத்தவர் என்பதை வெளியிடுகிறார். நேற்றுவரை உடனிருந்து தேநீர் அருந்தியோர் அவரைக் கோழையென ஒதுக்குகின்றனர். பயிற்சியொன்றின்போது புகையிற் சிக்கிய மேன்வாரிங்கை மீட்பவரும் அவரே. நோயுற்ற அவரைக் காணச் சென்றவர்கள் சுவரிலுள்ள நிழற்படத்தில் வீரப் பதக்கத்தைக் காண்கின்றனர். சொம் போர்க்களத்திற் காயப்பட்டோரைத் தூக்கிச் சுமந்தமைக்காக அவர் பெற்ற பதக்கம் அது. அதனைச் சொல்பவரும் அவரல்லர், அவரது சகோதரியே. அதுவரை அவரைப் பார்த்து நகைத்த பார்வையாளரும் அக்கணத்தில் அப்படையினரோடு சேர்ந்து நாணவே நேர்கின்றது.

கொட்ஃபிறியாக நடித்த ஆர்னல்ட் ரிட்லி 1916இல் அதே சொம் போர்க்களத்திற் போரிட்டுப் படுகாயமடைந்தவர். தொடர் தொடங்கியபோது அவருக்கு வயது 72. 1977இல் இறுதி அங்கம் வரை அவர் நடித்தார்.